அடித்தண்ணிப் பொண்ணு

எங்க தெருவுக்கு வரன் விசாரிக்க வர்றவங்க எல்லாரும் முதல்ல நலச்சங்கச் செயலாளர் தணிகைவேல் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க, அவர் வாயில இருந்து "தங்கமான குடும்பம்"ங்கிற வார்த்தையை வாங்கி மடியில முடிஞ்சுக்கிட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு போற வழியில இன்னொரு ஆளையும் கேட்டுட்டுப் போவாங்க, அந்த இன்னொரு ஆள் நானா இருந்துடக்கூடாதுன்னு தெருவே சேர்ந்து பாத்துக்கும். ஏன்னா நான் வாய்க்காரி. மாவு அரைச்சு விக்கிற அம்சவேணிக்கு நாக்கும் கிரைண்டரும் ஒண்ணு, சுவிட்சைப் போட்டா நிக்காதுன்னு தணிகைவேலே ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியறார். திரியட்டும். எதிர்வீட்டைப் பத்தி யாராவது என்கிட்ட கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன், கேக்காட்டியும் கூப்பிட்டு உக்கார வெச்சு சொல்லுவேன்.

எங்க தெரு கொளத்தூர்ல, வண்ணமீன் கடைங்க வரிசையா இருக்கிற ரோட்டுக்குப் பின்பக்கம் இருக்கு. எதிர்வீட்டு ஏகாம்பரம் ரிட்டையர் ஆனப்போ கூட வேலை செஞ்சவங்க ஒரு மீன்தொட்டி வாங்கிக் குடுத்தாங்க, மீனை மட்டும் நீங்களே பாத்து வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டாங்க. அவர் சம்சாரம் வத்சலாம்மா முகூர்த்தப் பட்டு எடுக்கற மாதிரி நிறம் பாத்து அள்ளிக்கிட்டு வந்தாங்க. நீளமா றெக்கை தொங்கவிட்ட ஏஞ்சல், கோடு போட்ட டைகர் பார்ப், குண்டு கோல்டு ஃபிஷ், நீல நிறத்துல ஒரு ஃபைட்டர். டைகர் பார்ப்புங்க ஏஞ்சல் றெக்கையைக் கடிச்சுக் கடிச்சு நாராக்கிடுச்சுங்க, கோல்டு ஃபிஷ் போடற தீனியெல்லாம் தானே தின்னுட்டுத் தொட்டியை நாறடிச்சுது, சண்டைக்குப் பேர்போன ஃபைட்டரே மூலையில ஒண்டிக்கிட்டு செத்துப்போச்சு. தினம் காலையில ஏதாவது ஒண்ணு வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்கும், வத்சலாம்மா அதை முருங்கை மரத்தடியில புதைச்சுட்டு மூக்கைச் சிந்திக்கிட்டே என்கிட்ட மாவு வாங்க வருவாங்க. மனசு கெட்டவங்கன்னு அவங்களைச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல முடிஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு எரிச்சல் இருக்காது.

மீன்கடை ரூபன்தான் அவங்களுக்குப் பாடம் எடுத்தான்.

"ஆன்ட்டி, நீங்க நிறம் பாக்கறீங்க, குணம் பாக்கணும். எந்தத் தண்ணியில வளர்ந்துச்சு, வளர்ந்தா எவ்ளோ பெருசாகும், அது வாய்க்குள்ள மத்தது போகுமா, தனியா இருக்குமா கூட்டமா இருக்குமா, எல்லாம் பாக்கணும். எல்லாரையும் ஒரே இடத்துல நீந்த விட்டா சண்டைதான். மேல்தண்ணியில கப்பி விடுங்க, நடுத்தண்ணியில டெட்ரா, மோலி. அடித்தண்ணிக்கு ஒரு சக்கர், கண்ணாடியில வாயை ஒட்டிக்கிட்டுக் கிடக்குமே அந்த மீன். ஒருத்தர் வழிக்கு ஒருத்தர் வரமாட்டாங்க."

"சக்கருக்கு என்னப்பா தீனி போடணும்?"

"அதுக்கு ஒண்ணுமே போட வேணாம் ஆன்ட்டி. மத்ததுங்க மிச்சம் வைக்கிறதையும் கண்ணாடியில பிடிக்கிற பாசியையும் தின்னுட்டு அதுபாட்டுக்குக் கிடக்கும். தொட்டியையும் சுத்தமா வெச்சுக்கும்."

ரூபன் ஏமாத்தணும்னு சொல்லல. கடைக்கு வர்ற எல்லாருக்கும் அவன் அதைத்தான் சொல்லுவான், அவனுக்கும் யாரோ அதைச் சொல்லித்தான் வித்திருப்பாங்க. இந்த ஏரியாவுல பாதி வீட்டுத் தொட்டியில சக்கர் பட்டினி கிடக்குது, வயிறு ஒட்டிப்போனது அது கண்ணாடியில வந்து ஒட்டினாதான் தெரியும், அதுவும் யாராவது குனிஞ்சு பாத்தாதான் தெரியும், எவன் குனியறான்?

அன்னியில இருந்து வத்சலாம்மா ரூபன் சொன்னதை மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணிக்கிட்டாங்க. தொட்டியும் அமைதி ஆயிடுச்சு. எதுவும் எதையும் கடிக்கல, துரத்தல. சாயங்காலம் சேர் போட்டு எதிர்ல உக்காந்துக்கிட்டு, "ஒரு குடும்பம் இப்படி இருந்துட்டா எவ்வளவு நல்லா இருக்கும் பாரு அம்சா"ன்னு என்கிட்ட சொல்லுவாங்க, அதைச் சொல்லும்போது அவங்க கண்ணுல தண்ணி நிக்கும்.

அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தொட்டிக் கண்ணாடி விரிசல் விட்டு, தண்ணி கூடத்துல கொட்டிச்சு. தொட்டியில இருந்தது நாலு துணி அலசக்கூட காணாது, ஆனா கொட்டின தண்ணி கொட்டினதோட நிக்கல, அதுபாட்டுக்குப் பெருகிச்சு, சோபா முழுகிச்சு, டிவி முழுகிச்சு, மாமனார் மாமியார் படம் மாலையோட முழுகிச்சு, ஃபேன் வரைக்கும் ஏறி அங்க போய் நின்னுது. வாசப்படி தாண்டி ஒரு சொட்டு வெளிய வரல. கதவு திறந்தேதான் கிடந்துது, கதவளவுக்குத் தண்ணி நிமிர்ந்து நின்னுது, உள்ள மோலியும் டெட்ராவும் கூடத்துல இருந்து சமையக்கட்டுக்கும் சமையக்கட்டுல இருந்து பூஜை அலமாரிக்கும் போய் வந்துக்கிட்டு இருந்துதுங்க, வத்சலாம்மா பாதி பாத்த சீரியலை மீதியும் பாத்து முடிச்சாங்க. தெருவுல முதல்ல வந்த கேள்வி, "மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டாங்களா?"

அடுப்பு எரிஞ்சுதான்னு கேப்பீங்க. எரிஞ்சுது. எப்பவும்போல நீலமா எரிஞ்சுது, சாம்பார்தான் கொஞ்சம் நீர்த்துப் போகுதுன்னு வத்சலாம்மா குறைபட்டுக்குவாங்க. ஏகாம்பரத்துக்குத் தொந்தரவில்லாம பேப்பர் படிக்கணும், அவர் மேல்தண்ணிக்குப் போய் ஃபேன்கிட்ட மிதந்தார். வத்சலாம்மாவும் பையன் தினகரனும் நடுத்தண்ணி. வெளியாள் கிட்டப் பேசணும்னா வாசல்ல வந்து முகத்தை மட்டும் வெளிய நீட்டுவாங்க, தலையில இருந்து தண்ணி சொட்டும், சொட்டினது படியைத் தாண்டாம திரும்பி உள்ள ஓடிடும். மாநகராட்சியில இருந்து வந்து டேப்பைப் பிடிச்சு அளந்துட்டு, ரோட்டுல தண்ணி தேங்கலையே, அப்புறம் எங்களுக்கு என்ன வேலைன்னு போயிட்டாங்க. சித்திரை மாசம் லாரித் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டோம் இல்ல, அப்போ தெருவே குடத்தைத் தூக்கிக்கிட்டு அங்க ஓடிச்சு. முங்கி எடுத்தா குடம் நிறையும், கேட்டு வரைக்கும் வந்தா காலிக் குடம்தான் கையில இருக்கும். அன்னிக்குத் திட்டினதோட சரி, அப்புறம் யாரும் அந்தத் தண்ணிக்கு ஆசைப்படல.

ஜனங்களுக்கு எதுதான் பழகல? ஞாயித்துக்கிழமையானா ஒரகடத்துல இருந்தெல்லாம் சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு வந்து வேடிக்கை காட்டினாங்க. கல்யாணப் பத்திரிகையில விலாசம் போடறவங்க மீன்வீட்டுத் தெருன்னே போட ஆரம்பிச்சாங்க. எல்லாருக்கும் நல்லாத் தெரியட்டும்னு ஏகாம்பரம் ஜன்னல் கம்பியை எடுத்துட்டு அகலக் கண்ணாடி ஒண்ணு போட்டார், தணிகைவேல் சங்கத்து சார்பா ஒரு போர்டு எழுதி மாட்டினார், "கண்ணாடியைத் தட்டாதீர்கள்." தட்டினா உள்ள இருக்கிறவங்க பயந்துக்குவாங்களாம்.

எல்லாத்தையும் விட எங்க தெருவுக்குப் பிடிச்சுப்போனது, அந்த வீட்டுல இருந்து சத்தம் வராது. தண்ணிக்குள்ள நடக்கிறது எதுவும் வெளிய கேக்காது, கத்தினாலும் குமிழிதான் மேல போகும். என் வீட்டுச் சண்டை, என் புருஷன் இருந்த வரைக்கும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுது. தணிகைவேல் வீட்டுச் சண்டைக்குத் தெருவே அலாரம் வெக்கத் தேவையில்லாம எழுந்துக்கும். மீன்வீட்டுல மட்டும் வாயசைவு, அதுவும் அசைஞ்சு அசைஞ்சு, பாக்க அவ்வளவு சாந்தம். "குடும்பம்னா அதுதான் குடும்பம்"னு எல்லா வீட்டுலயும் பொண்டாட்டியைத் திட்டறதுக்கு அதைத்தான் உதாரணம் காட்டினாங்க.

நாளாக ஆக அடியில அழுக்கு சேர்ந்துது. சுவரெல்லாம் பாசி ஏறிச்சு. சோத்துப் பருக்கையும் மீன் கழிவும் தரையில படிஞ்சு, காலை ஊனினா குபுகுபுன்னு கலங்கிச்சு. தினகரனுக்கும் வயசு ஆயிக்கிட்டு இருந்துது. வத்சலாம்மா மேல்தண்ணியைப் பாத்தாங்க, ஆள் இருக்கு. நடுத்தண்ணியைப் பாத்தாங்க, ஆள் இருக்கு. அடித்தண்ணி காலியா இருந்துது.

அவங்க பொண்ணு தேடின அழகை நான் நேர்ல பாத்தேன், தரகர் என் வாசல்லதான் நின்னு ஜாதகமெல்லாம் நீட்டுவார். வத்சலாம்மா கட்டத்தையே பாக்கமாட்டாங்க. போர் தண்ணியில வளர்ந்த பொண்ணா, மெட்ரோ தண்ணியில வளர்ந்த பொண்ணா? கூடப் பொறந்தவங்க உண்டா, ஒத்தைப் பொண்ணா? திருவள்ளூர்ல எம்.பி.ஏ. படிச்ச ஒரு பொண்ணு பளிச்னு பேசிச்சு, "டைகர் பார்ப். சும்மா இருக்காது, கூட இருக்கிறவங்களைக் கடிச்சுக்கிட்டே இருக்கும்"னு அனுப்பிட்டாங்க. அம்பத்தூர்ல ஒண்ணு கொள்ளை அழகு, "ஏஞ்சல். சின்னதுல சாது, வளர்ந்தா மத்ததை முழுங்கும்." நல்ல வசதியான இடத்துல இருந்து ஒண்ணு வந்துது, "கோல்டு ஃபிஷ். தின்னும், அழுக்குப் பண்ணும், நமக்குக் கட்டுப்படியாகாது." தரகர் நெத்தியைத் தேச்சுக்கிட்டு நிப்பார், வத்சலாம்மா வாசல்ல முகத்தை நீட்டி, கையை விரிச்சு அவருக்குப் பொறுமையா விளக்குவாங்க, "சண்டை வராம பாத்து எடுக்கணும் தரகரே. பின்னாடி ஒண்ணு செத்து ஒண்ணு மிதந்தா யாருக்குப் பாவம்?"

கடைசியில ஊத்துக்கோட்டைப் பக்கத்துல நிரோஷாவைக் கண்டுபிடிச்சாங்க. அம்மா இல்லாத பொண்ணு, தங்கச்சிங்களை வளர்த்து ஆளாக்கின பொண்ணு, அரிசி மில்லுல வாட்ச்மேனா இருக்கிற மாசிலாமணியோட மூத்த மக. பொண்ணு பாக்கப் போன இடத்துல வத்சலாம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்களாம்.

"வீட்டுல கடைசியா சாப்பிடறது யாரு?"

"அது எப்பவும் கடைசியாத்தாம்மா சாப்பிடும்"னு மாசிலாமணி பெருமையா சொன்னாராம். "மிச்சம் இருந்தா சாப்பிடும், இல்லேன்னா தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்துக்கும், ஒரு வார்த்தை சொல்லாது."

அந்த இடத்துலயே தட்டை மாத்திக்கிட்டாங்க.

மாசிலாமணி விசாரிக்க வரல்லேன்னு சொல்லக்கூடாது. வந்தார். தணிகைவேல் வீட்டுல காப்பி குடிச்சார். "இத்தனை வருஷத்துல அந்த வீட்டுல ஒரு சத்தம் கேட்டதில்லை"ன்னு தணிகைவேல் சத்தியம் பண்ணாத குறையா சொன்னார். அவர் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. வெளிய வந்தவர் என் கடைப் பக்கம் திரும்பினார், தணிகைவேல் தோளைப் பிடிச்சு அந்தப் பக்கமா பஸ் ஏத்திவிட்டுட்டார்.

கல்யாணம் முடிஞ்சு வந்த அன்னிக்கு ஆரத்தி எடுத்தாங்க, ஆனா உடனே உள்ள விடல. புது மீனைப் பையோட கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு அப்புறம்தான் திறந்துவிடணும், சட்டுனு விட்டா அதிர்ச்சியில செத்துப்போகும்னு ரூபன் சொல்லியிருக்கான் இல்ல? அதனால அந்தப் பொண்ணை வாசப்படியில உக்கார வெச்சு, காலை மட்டும் தண்ணிக்குள்ள விடச் சொன்னாங்க. மாலையும் கழுத்துமா அது வெயில்ல உக்காந்திருந்துது, உள்ள பந்தி நடந்துது. அப்புறம் முட்டி வரைக்கும், அப்புறம் இடுப்பு வரைக்கும், இப்படியே இறக்கி விளக்கு வெக்கிற நேரத்துக்கு முழுசா உள்ள எடுத்துக்கிட்டாங்க. தெருப் பொம்பளைங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எவ்வளவு பக்குவமா எடுத்துக்கறாங்க பாருன்னு பேசிக்கிட்டாங்க. சாப்டியாம்மான்னு அதுகிட்ட ஒருத்தி கேக்கல, நான் கேட்டேன், அதுக்குள்ள காது தண்ணிக்குள்ள போயிடுச்சு.

அது போய் அடியில உக்காந்துது. மறுநாளே தரை பளபளன்னு ஆயிடுச்சு. சுவர்ல இருக்கிற பாசியையெல்லாம் உள்ளங்கையால தேச்சுத் தேச்சு எடுக்கும், கண்ணாடிப் பக்கம் வரும்போது நாங்க பாப்போம், நெத்தியை ஒட்டிக்கிட்டு ஓரம் ஓரமா துடைச்சுக்கிட்டே போகும். சாப்பாட்டு நேரத்துல வத்சலாம்மாவும் தினகரனும் நடுத்தண்ணியில மிதந்துக்கிட்டே சாப்பிடுவாங்க, ஏகாம்பரத்துக்கு மேல போகும், சிந்தினது சிதறினது அசைஞ்சு அசைஞ்சு கீழ வரும், அதுலயும் பாதியை வழியில டெட்ராக்கூட்டம் கவ்விடும். தரைக்கு வந்து சேர்றது அதுக்கு. தினகரன் நல்லவன்தான். அடிக்கமாட்டான், குடிக்கமாட்டான், ஒரு கெட்ட வார்த்தை வராது. கீழ குனிஞ்சு பாக்க மட்டும் மாட்டான்.

ஒரு நாள் பாத்தேன், ரெண்டு நாள் பாத்தேன். நேரா வாசலுக்குப் போய் கத்தினேன். "வத்சலாம்மா! அந்தப் பொண்ணுக்கு இலை போட்டு சாப்பாடு போடறீங்களா இல்லையா?"

அவங்க முகத்தை நீட்டி, கோவப்படாம, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. "அவளுக்கு அதுவே யதேஷ்டம் அம்சா. நாங்க சிந்தறது கொஞ்சமாவா இருக்கு? தனியா போட்டா சாப்பிடாம விட்டுடும், தண்ணிதான் கெட்டுப்போகும்."

"அது மீனா? பொண்ணும்மா!"

"யாரு இல்லேன்னா? நாங்க என்ன அவளைக் கரிச்சா கொட்டறோம்? வந்ததுல இருந்து இந்த வீட்டுல ஒரு சண்டை வந்துதா சொல்லு?"

உண்மைதான். சண்டை வரல.

மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி வென்டிலேட்டர் வழியா இட்லியைப் போட்டேன். இட்லி ஊறிப்போய் மிதந்துச்சு, போன்ல எதையோ பாத்துக்கிட்டே தினகரன் ஒரு வாய் கவ்விட்டுப் போயிட்டான், மீதியை மோலிங்க பிச்சுக்கிச்சுங்க. தோசையைப் போட்டேன், அது ஏகாம்பரம் பேப்பர் மேல போய் ஒட்டிக்கிச்சு. நான் மேல நின்னு தலையில அடிச்சுக்கறேன், அந்தப் பொண்ணு அடியில உக்காந்து என்னையே பாக்குது. அப்புறம்தான் புத்தி வந்துது, கனமா இருந்தா நேரா கீழ போகும்னு. உப்புக் கொழுக்கட்டையை இறுக்கிப் பிடிச்சு, நல்லாக் கெட்டியா வேக வெச்சுப் போட்டேன். அம்மாடி, அது கல்லு மாதிரி நேரா இறங்கிச்சு, நடுத்தண்ணிக்காரங்க திரும்பறதுக்குள்ள கீழ போயிடுச்சு, நிரோஷா ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிச்சுது. மென்னுக்கிட்டே மேல பாத்து என்னமோ சொல்லிச்சு. குமிழிதான் வந்துது. ஆனா எனக்குப் புரிஞ்சுது.

எத்தனை நாள் நடக்கும் அது? மாவுத்துணுக்கு கரைஞ்சு தண்ணி லேசா வெள்ளையாச்சு. சங்கத்துல கூட்டம் போட்டாங்க. தெருவுக்கே பேரு வாங்கிக் குடுத்த தண்ணியை ஒருத்தி கலக்கறான்னு தணிகைவேல் பேசினார், எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. முதல் போர்டுக்குக் கீழ ரெண்டாவது போர்டு வந்துது, "வெளியாட்கள் தீனி போடக் கூடாது." வென்டிலேட்டருக்கு வலை அடிச்சாங்க. "அவங்க வீட்டு விஷயத்துல நீ ஏன்டி மூக்கை நுழைக்கிறே"ன்னு என்கிட்ட தினம் மாவு வாங்கறவங்களே கேட்டாங்க. பாக்கெட் மாவுக்கு மாறிட்டாங்க சில பேரு. போங்கடி, புளிச்சுப்போகட்டும் உங்க பாக்கெட் மாவுன்னு விட்டுட்டேன்.

ஆடி பொறந்துது. புதுப்பொண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறது யாருக்குத்தான் தெரியாது? மாசிலாமணி சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு, புதுச்சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னார். அதிரசம், வாழைப்பழம், பொண்ணுக்கு ஒரு சேலை. அன்னிக்கு அவர் கண்ணாடிக்குள்ள பாத்தார். பொண்ணு அடியில, நெத்தியை ஒட்டிக்கிட்டு இருந்துது. கன்னம் உள்ள போயிருந்துது, வயிறு முதுகோட ஒட்டியிருந்துது. அவர் கை தானா கண்ணாடி பக்கம் போச்சு, போர்டைப் பாத்துட்டு கையை எடுத்துக்கிட்டார். அதைப் பாத்தப்போ எனக்கு அவர் மேலயும் கோவம் வந்துது, அழுகையும் வந்துது.

"பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறேம்மா. வழக்கம்தானே"ன்னார்.

வத்சலாம்மாவுக்கு முகம் சின்னதாயிடுச்சு. "சம்மந்தி, எனக்கும் ஆசைதான். ஆனா இந்தத் தண்ணிக்குப் பழகிப்போன உடம்பு. இப்ப எடுத்து வேற தண்ணிக்கு மாத்தினா தாங்குமா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதானே என்னைக் கேப்பீங்க?"

தணிகைவேல் வந்தார், தெரு கூடிச்சு, ரூபனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க, அவன் வாடிக்கையாளரை விட்டுட்டு வந்த அவசரத்துல கையில வலையோடவே வந்தான். "எதுவும் எதையும் கடிக்கல இல்ல ஆன்ட்டி? அப்ப செட் ஆயிடுச்சு. செட் ஆனதைக் கலைக்காதீங்க"ன்னுட்டு ஓடிட்டான். தெரு தலையாட்டிச்சு. அந்தப் பொண்ணைப் பட்டினி போட்டு வெச்சிருக்காங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன், என் தொண்டைதான் தினம் கிழியுதே, யார் சட்டை பண்ணாங்க? மாசிலாமணி தட்டை வாசப்படி மேல வெச்சுட்டு, முதுகைக் காட்டாம பின்னாடியே நடந்து, தெருக்கோடி வரைக்கும் அப்படியே போனார். அதிரசத்தை நடுத்தண்ணியில சாப்பிட்டாங்க. எண்ணெய்ப் பண்டம், கீழ ஒண்ணும் இறங்கல.

ஆடி முடியறதுக்குள்ள ஆரம்பிச்சுது. மத்தியானம் கண்ணசந்து எழுந்த வத்சலாம்மாவுக்குத் தோள்ல வட்டமா ஒரு தடம், தோல் வழண்டு சிவப்பா. ரெண்டு நாள் போனா தினகரன் முதுகுல. அப்புறம் ஏகாம்பரம் கெண்டைக்கால்ல, அவர் மேல்தண்ணியில இருந்தவர். ஒவ்வொரு தடமும் ஒரு வாய் அளவு. தெருப் பொம்பளைங்க மஞ்சளையும் வேப்பிலையையும் அரைச்சுக்கிட்டு ஓடினாங்க. வத்சலாம்மா வாசல்ல நின்னு ரூபனுக்குப் போன் போட்டாங்க, ஸ்பீக்கர்ல, நாங்க எல்லாரும் கேட்டோம்.

"அது பசி ஆன்ட்டி. சக்கருக்குப் பசி தாங்கலேன்னா கூட இருக்கிறது மேலயே ஒட்டிக்கிட்டு உறிஞ்சும்."

"தீனியே வேணாம்னு சொன்னியேப்பா!"

"சின்னதுல வேணாம் ஆன்ட்டி. போகப்போகக் கொஞ்சம் போடணும். சரி, இனிமே போட்டும் பிரயோஜனமில்லை, ருசி கண்டுடுச்சு. எடுத்து ஏதாவது ஏரியில விட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எடுத்துட்டாங்க. தாய்வீட்டுக்கு அனுப்பினா உயிருக்கு ஆபத்துன்னு அத்தனை கரிசனம் பட்டவங்க, பட்டப்பகல்ல, படியில உக்கார வெச்சு இறக்கினது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக்கூட இல்லாம, ஒரே தள்ளா தள்ளினாங்க. ரோட்டுல விழுந்து வாயைத் திறந்து திறந்து மூடிச்சு, வந்ததுல இருந்து வெளியவே விடல இல்ல, மூச்சு எடுக்கத் தெரியல அதுக்கு. தெரு அரைவட்டமா நின்னுது. "ஊமை மாதிரி இருந்துக்கிட்டு உள்ளுக்குள்ள உறிஞ்சியிருக்கா பாரேன்"னு ஒருத்தி. "வாங்கும்போதே பாத்து வாங்கியிருக்கணும்"னு தணிகைவேல். நான் ஈரத்துணியைப் போத்தி, மாவு தூக்கற தள்ளுவண்டியில தூக்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காத்தை இழுக்கக் கத்துக்க அதுக்குச் சாயங்காலம் ஆச்சு.

மாசிலாமணி வந்தார். மகளைப் பாத்தார். "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே கண்ணு. உனக்குப் பின்னாடி தங்கச்சிங்க இருக்காங்களே."

"பசிச்சுதுப்பா"ன்னுது.

அவ்வளவுதான் சொல்லிச்சு. அவர் தனியா பஸ் ஏறிப் போனார். விவாகரத்துக்குக் கோர்ட்டுல கேட்ட இடத்துல எல்லாம் அது கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு இப்ப என்கூடத்தான் இருக்கு. கிரைண்டர் பாக்குது, உளுந்து நனைக்குது, என்னை அக்காங்குது. வயிறு நிறைய சாப்பிடுது. ஆனா சாப்பிடும்போது இடது கையைத் தட்டைச் சுத்தி அணைச்சுக்கிட்டுத்தான் சாப்பிடும், நடுவுல யாரோ கவ்விக்கிட்டுப் போயிடுவாங்கங்கிற மாதிரி. யாருடி இங்க இருக்கா உன் தட்டுல கைவெக்கன்னு நானும் திட்டிப் பாத்துட்டேன். கையை எடுக்கும், ரெண்டு வாய்க்கு அப்புறம் கை அங்கேயே வந்துடும்.

எதிர்வீட்டுக் கண்ணாடியில பாசி ஏறிப்போச்சு. உள்ள யாரு எங்க நீந்தறாங்கன்னு இப்ப சரியாத் தெரியாது, பச்சையா நிழலாடும். சத்தம் இன்னிக்கும் வராது. அதனால தினகரனுக்கு வரனும் வந்துக்கிட்டேதான் இருக்கு.

நேத்து ஒரு அம்மா வந்தாங்க, மதுராந்தகத்துல இருந்து. ஆட்டோவை என் கடை வாசல்ல நிறுத்திட்டாங்க, தணிகைவேல் ஊர்ல இல்லை, என் நல்ல நேரம். உக்கார வெச்சேன். உங்களுக்குச் சொன்ன அத்தனையும் சொன்னேன், தொட்டியில ஆரம்பிச்சு தள்ளுவண்டி வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னேன். நிரோஷாவைக் கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்தி, பாருங்க, இதோ நிக்குது அந்தப் பொண்ணுன்னேன். அந்தம்மா உச்சுக்கொட்டினாங்க, முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க, அப்புறம் எதிர்வீட்டை ஒரு தடவை பாத்துட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க.

"ஆனா தண்ணிக் கஷ்டம் இல்லை, இல்லீங்க?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. என் வாயை அடைச்ச முதல் மனுஷி அவங்கதான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எங்க ஊர்ல குடத்தைத் தூக்கிக்கிட்டு எவ்வளவு தூரம் போறோம் தெரியுமா?"ன்னாங்க. "எங்க பொண்ணு அப்படியெல்லாம் ஒட்டிக்கிட்டு உறிஞ்சாது. எதுவா இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கும். அது அதிகம் சாப்பிடவே சாப்பிடாதுங்க." எழுந்து, புடவையைத் தட்டி சரி பண்ணிக்கிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் மீன்வீட்டு வாசல்ல கைகூப்பி நின்னாங்க. தண்ணிக்குள்ள இருந்து வத்சலாம்மா முகம் வெளிய வந்துது, சிரிச்ச முகம், தோள்ல அந்தத் தழும்பு மட்டும் வெளுத்துப்போய் இருந்துது.

அந்தம்மா பொண்ணு ஆட்டோவுலயே உக்காந்திருந்துது. நிரோஷா உள்ள போச்சு, காலையில வெந்த கொழுக்கட்டையைத் தட்டு நிறைய வெச்சுக்கிட்டு வந்து ஆட்டோவுக்குள்ள நீட்டிச்சு.

"சாப்பிடு. எங்க அக்கா செஞ்சது."

அந்தப் பொண்ணு முதல்ல அவங்கம்மா முதுகைப் பாத்துது. அப்புறம் தட்டை வாங்கி மடியில வெச்சு, இடது கையை அதைச் சுத்தி அணைச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, வேகவேகமா சாப்பிட ஆரம்பிச்சுது.